உடைக்காத பெட்டிகள்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் தெருமுனைப் பொம்மைக் கடை திறக்கும். ஒன்பதரைக்கே வாசலில் வரிசை நிற்கும். நரைத்த தாடிக்காரர்கள், கழுத்துப்பட்டி கட்டியவர்கள், கைத்தடியோடு வரும் ஒரு பெண்மணி. ஒருவர் கையிலும் பிள்ளை இல்லை. ஜெர்மனியில் இந்த டோட்முண்டுக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து, பேரப்பிள்ளைகளுக்கு வாங்க வருகிறார்களாக்கும் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் மழைக்கு உள்ளே ஒதுங்கினேன். கண்ணாடி அலுமாரிக்குள் கட்டைவிரல் உயரத்தில் ஒரு மீன்காரி நின்றாள். கூடையில் ஏழு மீன், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கண். அன்றைக்கே அந்த ஆசைக்குள் விழுந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அந்த வரிசையில் ஆறாவது ஆளாக நின்றது நான்தான்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வாங்கிய பெட்டியை உடைக்கக் கூடாது. உடைத்தால் மதிப்புப் போய்விடும். கடைக்காரர் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, அதற்கு மேல் இன்னொரு கண்ணாடித்தாள் உறை போட்டு, பச்சைக் குழந்தையைத் தருவதுபோலத் தருவார். கடையில் கிடைக்காததை இணையத்தில் தேடி யப்பானிலிருந்து எடுப்பேன். அதில் வேறொரு கரைச்சல். பொதி வந்ததும் சுங்கத்திலிருந்து கடிதம் வரும். போய், அதிகாரிக்கு முன்னால் பொதியைப் பிரித்துக் காட்ட வேண்டும். முதல் தடவை அந்த மனிதர் உள்ளேயிருந்த பொம்மைப் பெட்டியைப் பார்த்து முகம் மலர்ந்து, "ஃபூர் தாஸ் கிண்ட்?" என்று கேட்டார். பிள்ளைக்கா என்கிறார். "ஃபூர் மிஷ்," எனக்கு என்றேன். என் ஜெர்மன்தான் பிழை என்று நினைத்தாரோ என்னவோ, பிள்ளைக்கு எத்தனை வயது என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். முப்பத்தாறு என்றேன். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் பெட்டி என்றால் உடைப்பதற்குத்தான். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து இறங்கினால், அவர் முகம் கழுவ முதலே பெட்டியைச் சுற்றி ஆட்கள் குந்திவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் இருபத்துநான்கு பெட்டிகளை உடைக்காமல் சுவர்த் தட்டில் அடுக்கி வைத்திருக்கிறான் என்பதை நெல்லியடியிலுள்ள என் அக்காவுக்குச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் மயூரி முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

மயூரி நல்லூரில் ஒரு ரியூட்டரியில், தனியார் வகுப்பில், இரசாயனவியல் படிப்பிக்கிறவள். அக்கா பார்த்துப் பேசிய சம்பந்தம். சாதகம் பொருந்தி, ஆவணியில் எழுத்து என்று நாளும் குறித்தாயிற்று. எழுத்து என்றால் பதிவுத் திருமணம். நானும் அவளும் தொலைபேசித் திரையில்தான் ஒருவரையொருவர் பார்த்திருந்தோம். பேச்சுக்கிடையில் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உங்களுக்குப் பின்னாலை உதுகள் என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஏன் ஒண்டும் உடைக்கேல்லை?" என்றாள். மதிப்புக் குறையும் என்றேன். பிறகு, "எனக்கும் ஒண்டு அனுப்புங்கோவன்," என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கொழும்பிலுள்ள ஓர் இணையக் கடையில், நல்லூர் முகவரிக்கே போகும்படி ஒன்றை எடுத்தேன். சின்னப் பெண்பிள்ளைப் பொம்மைகள். குடை பிடித்தது, பூ வைத்தது, தூங்கி வழிவது என்று பன்னிரண்டு வகை. எந்தப் பெட்டிக்குள் எது இருக்கிறது என்று வெளியே தெரியாது. உடைத்தால்தான் தெரியும். அந்தப் பன்னிரண்டுக்கு வெளியே பதின்மூன்றாவது ஒன்றும் உண்டு. பெட்டியிலுள்ள படத்தில் அதைப் போடமாட்டார்கள். ஆயிரம் பேர் வாங்கினால் ஒருசிலருக்குத்தான் கிடைக்கும். அது கிடைத்தால் சேகரிப்பவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். "இரண்டு பேரும் வீடியோக் கோலிலை இருக்கேக்கை உடைப்பம், நீர் தனிய உடைக்காதையும்," என்று மயூரிக்குச் சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பொதி போனபோது அவள் வகுப்பில் இருந்தாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வரும் முதல் சாமான். அவர்கள் வீட்டு வழக்கப்படி மாமி, மயூரியின் தாய், அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, விளக்கேற்றி, அயலிலுள்ள சொந்தக்காரப் பெண்களையும் கூப்பிட்டு, அன்றைக்கே நல்ல நேரம் பார்த்து உடைத்திருக்கிறா. உள்ளேயிருந்து அந்தப் பதின்மூன்றாவது வந்தது. தலை முதல் கால் வரை கறுப்பு உடுப்பு. இரண்டு கன்னத்திலும் கண்ணீர்.

வகுப்பால் வந்த மயூரி அதைப் படமெடுத்து, ஒரு சொல்லும் எழுதாமல் எனக்கு அனுப்பினாள். நான் வேலையிடத்தில், சாப்பாட்டு இடைவேளையில் இருந்தேன். எழும்பி நின்று கத்திவிட்டேன். பக்கத்திலிருந்த துருக்கிக்காரர், எனக்குப் பிள்ளை பிறந்துவிட்டது என்று நினைத்து வந்து கட்டிப்பிடித்தார். "அடி சக்கை! உமக்கு அதிஷ்டம் எண்டால் அதிஷ்டம்!" என்று எழுதி, கைதட்டும் படங்கள் பத்தும் சேர்த்து அனுப்பினேன். அந்த நேரம் நல்லூரில் மாமி அழுதுகொண்டிருந்தா என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பின்னேரம் மாமியே தொலைபேசி எடுத்தா. "தம்பி, நல்ல காரியத்துக்கு முதல் அழுகிற பிள்ளையையே அனுப்புறது? அதுவும் கறுப்பிலை?" என்றா. அது மிகவும் அரிதானது மாமி, ஆயிரத்தில் ஒன்று என்று விளக்கப் பார்த்தேன். "அரிசிக்கை கல்லும் அரிதுதான் தம்பி. அதுக்காகச் சந்தோசப்படுறதே?" என்று கேட்டா. பிறகு குரலைத் தாழ்த்தி, "எழுத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பம்," என்றா. தள்ளி வைப்பது என்றால் நிறுத்துவது என்று எங்களுக்குத் தெரியும். அக்கா அழைத்து, என் பொம்மைகளையும் என்னையும் சேர்த்துக் குப்பையில் போடவேண்டும் என்றாள். அன்றைக்குத்தான் மயூரியை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று விளங்கியது. விடுமுறையை முன்தள்ளிக் கேட்டு, பயணச்சீட்டை மாற்றி, பறந்தேன்.

வெறுங்கையோடு போகக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். இரண்டு பேருமாக யாழ்ப்பாணம் ரவுணில் கடைத்தெருவிலுள்ள ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். என் பொம்மைகளின் போலிகள் அங்கேயும் இருந்தன. கடைக்காரப் பெண் நான் கேட்க முதலே பெட்டியைக் கிழித்து, பொம்மையைச் சீலைத் துண்டால் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தா. "உடைச்சால் விலை குறையாதோ?" என்று பதறிப்போய்க் கேட்டேன். "உடைக்காமல் ஆர் அண்ணை வாங்குவினம்? கை கால் இல்லாமல் இருந்தால் பிறகு என்னோடையெல்லோ சண்டை பிடிப்பினம்," என்றா. பத்து வருடமாகப் பொம்மை வாங்குகிறேன். ஒன்றைக் கையால் தொட்டது அன்றைக்குத்தான். சிரிக்கிற முகமாகப் பார்த்து எடுத்தேன்.

நல்லூர் வீட்டில் மாமி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "வாய் கொஞ்சம் கோணல். பறவாயில்லை, சிரிக்குது," என்றுவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு தேத்தண்ணி போடப் போனா. முன்விறாந்தையில் மயூரியும் நானும் மட்டும். திரையில் பார்த்ததைவிட உயரமாக இருந்தாள்.

"அழுகிறதைத் தெரிஞ்சோ அனுப்பினீங்கள்?" என்றாள்.

"சத்தியமாய்த் தெரியாது."

"அது எனக்குத் தெரியும். அம்மாக்குப் பொம்மையிலை பயம். எனக்கு உங்கடை தட்டிலைதான் பயம். ஒரு சாமானையும் உடைக்காமல் அடுக்கி வைச்சிருக்கிற மனிசன் நீங்கள். என்னை எப்பிடி வைச்சிருப்பீங்கள்?"

அதுவரை ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னேன். பதினொரு வருடத்தில் ஆறு அறை மாறியிருக்கிறேன். விசா நீட்டுவார்களோ, திருப்பி அனுப்புவார்களோ என்று தெரியாத வருடங்கள் அதில் பாதி. பெட்டியோடு இருக்கிற சாமானை எந்த நேரமும் தூக்கிக்கொண்டு வெளிக்கிடலாம். "மதிப்புக் குறையுமெண்டு சொன்னது பொய் மயூரி. எந்த வீட்டிலையும் இருக்கப் போறன் எண்டு நான் நம்பேல்லை," என்றேன்.

"அப்ப போய் உடையுங்கோ. எனக்குக் காட்டிக் காட்டி உடையுங்கோ," என்றாள். பிறகு எழும்பி உள்ளே போய்த் தாயிடம், "அம்மா, எழுத்து அண்டைக்கே இருக்கட்டும்," என்று சொன்னது எனக்கும் கேட்டது.

ஆவணியில் எழுத்து முடிந்தது. நான் டோட்முண்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். அவள் விசாவுக்காக ஜெர்மன் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் திரைக்கு முன்னால் ஒரு பெட்டியை உடைப்பேன். இப்போது மேசை, யன்னல், குளிர்சாதனப் பெட்டியின் தலை எல்லா இடமும் பொம்மைகள் நிற்கின்றன. எட்டுப் பெட்டி மிச்சம். அதை அவள் வந்து உடைக்கட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

போன கிழமை பெரிய வீடு கேட்டு நகரசபை அலுவலகத்தில் விண்ணப்பிக்கப் போனேன். வீட்டில் வசிப்போர் எத்தனை பேர் என்ற இடத்தில் இரண்டு என்று எழுதினேன். மனைவி எங்கே என்று அதிகாரி கேட்டா. நல்லூரில் என்றேன். அது டோட்முண்டில் எந்தப் பகுதி, தபால் இலக்கம் என்ன என்று கணினியில் தேடினா. இலங்கை என்று சொன்னதும், "ஆ, நோக் நிஷ்ட் ஹியர்," இன்னும் இங்கே இல்லை என்று அன்பாகச் சொல்லிவிட்டு, இரண்டை வெட்டி ஒன்று என்று எழுதினா. வீட்டுக்கு வந்து மயூரிக்குச் சொன்னேன். அவள் சிரித்தாள். மாமியும் அங்கே கிராம சேவகரிடம் போய் மருமகனின் பெயரைக் குடும்பப் பதிவில் சேர்க்கச் சொன்னாவாம். "இஞ்சை நித்திரை கொள்ளுறவையைத்தான் அம்மா எழுதலாம்," என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டாராம். டோட்முண்டில் நான் ஒருவன், நல்லூரில் மாமியும் மயூரியுமாக இருவர். எழுத்துப் பத்திரத்தில் நாங்கள் புருசன் பெண்சாதி. எங்கள் இருவரையும் ஒரே வீட்டில் எழுதிய தாள் இரண்டு நாட்டிலும் இன்னும் இல்லை.