பெயர்ச்சீட்டை மாற்றிக் கட்டிய கிறிஸ்மஸ்

எழுபதைத் தாண்டிவிட்டேன். இந்தக் கதையை எப்போது சொன்னாலும் பாதியில் சிரிப்பாக்கி நிறுத்திவிடுவேன். இந்தத் தடவை முழுதாக எழுதிவிடுகிறேன்.

ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. எங்கள் சபையில் கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் மர விழா நடக்கும். சவுக்குக் கிளையை மணல் வாளியில் நட்டு, பஞ்சைப் பனியாக ஒட்டி, ஜிகினா சுற்றியிருப்பார்கள். முகமூடி போட்ட கிறிஸ்மஸ் தாத்தா மூட்டையோடு வந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்சல் கொடுப்பார். பார்சல்களை முன்னதாக ரகசியமாகக் கட்டிக் கொடுப்பது பெற்றோர்தான். முடியாத வீட்டுப் பிள்ளைக்கு வேறு யாராவது வைத்துவிடுவார்கள். பிள்ளையின் பெயர்ச்சீட்டு மட்டும் நூலில் தொங்கும். கொடுத்தவர் பெயர் இருக்கவே கூடாது. யார் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

அந்த வருடம் எங்களோடு இருந்த என் மாமாதான் தாத்தா. ஆகவே மூட்டை முழுக்க எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்! எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் உள்ளே தவழ்ந்து போய் முடிச்சை அவிழ்த்தேன். என் பெயர் போட்ட பார்சல் கைக்குள் அடங்கிவிட்டது. பக்கத்திலேயே ஒன்று, செங்கல் இரண்டை அடுக்கியதுபோல, கனமாக. சீட்டில் ‘சாமு’ என்றிருந்தது.

சாமு எங்கள் எதிர் வீடு. இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் குட்டையாகிப்போனவன். அவன் அப்பா என் அப்பாவிடம் ஹெல்பராக வேலை பார்த்தவர். இரண்டு சீட்டிலும் இருந்தது என் அப்பாவின் கையெழுத்து. பெற்ற பிள்ளைக்குச் சின்னது, எதிர் வீட்டுக்காரனுக்குப் பெரியதா? இரண்டு சீட்டையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினேன்.

சாயங்காலம் போதகர் பேசியதில் ஒரு வரி இன்றும் நினைவிருக்கிறது. தேவன் தம்மைக் கொடுத்தபோது, வாங்க யாரும் கூச்சப்படாதபடி கைக்குழந்தையாகக் கொடுத்தார் என்றார். இவர் எப்போது முடிப்பார் என்று நான் பெஞ்சில் நெளிந்துகொண்டிருந்தேன்.

மேளம் அடித்தது. தாத்தா குதித்துக்கொண்டே உள்ளே வந்தார். சாமு பெயரை முதலில் கூப்பிட்டார், அடுத்து என் பெயரை. பாய்ந்தேன்.

“இன்னாடா இது, இம்மாம் பெருசா கீது! உள்ள ஆனக்குட்டி கீதா?” என்றார் மாமா, குரலை மாற்றிக்கொண்டு. சபை சிரித்தது.

“இங்கியே பிரிடா, நாங்களும் பாக்குறோம்!” என்று பின்னாலிருந்து பையன்கள் கத்தினார்கள்.

காகிதத்தைக் கிழித்தேன். கறுப்பு பூட்ஸ். ஒன்று சாதாரணமானது, மற்றதன் அடிப்பாகம் மூன்று விரல்கடை உயரம். பையன்களில் ஒருவன், “டேய், நொண்டி பூட்ஸ்டா!” என்றான். அதே சமயம் சாமு தன் பார்சலைப் பிரித்துப் புத்தம் புதிய சிவப்புக் கிரிக்கெட் கார்க் பந்தைத் தூக்கிக் காட்டினான். நான் வருடம் முழுதும் கேட்டு அழுத பந்து.

“அப்பா!” என்று அலறினேன். “அது என் பந்து! இந்த பூட்ஸ் சாமுவுக்குத்தானே நீங்க வாங்கினீங்க? உங்க கையெழுத்துதானே இது?”

சீட்டைத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினேன்.

அப்பா எழுந்திருக்கவில்லை. சாமுவின் அப்பாதான் எழுந்தார். மகன் கையைப் பிடித்து, பந்தோடு வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

அப்பா அன்று என்னை அடிக்கவில்லை. பூட்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு போய் எதிர் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தார். காலையில் சாமுவின் அப்பா அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். கூடவே பந்தையும்.

“அண்ணே, தாத்தா குடுத்தாருன்னா எம்புள்ள போட்டுக்குவான். இப்ப நீங்க குடுத்தது ஊருக்கே தெரிஞ்சிபோச்சு. அவன் எடுத்து வெக்கிற ஒவ்வொரு அடிக்கும் நான் தல குனியணும்ணே.”

“பையன் கால நெனச்சுப் பாருப்பா. அவனுக்காகவாவது...”

“வேணாண்ணே.”

விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன் அப்பா என்னையும் சாமுவையும் செய்தித்தாள் மேல் நிற்கவைத்து, யார் பாதம் பெரிது பார்க்கலாம் என்று பென்சிலால் கோடு போட்டிருந்தார். நாங்கள் கிச்சுக்கிச்சு தாங்காமல் சிரித்தோம். அது அளவெடுப்பு என்று சாமுவுக்குக்கூடத் தெரியக் கூடாது என்பதற்காக அந்த மனிதர் ஆடிய விளையாட்டு அது. தாத்தாவின் முகமூடி, மாமாவை மறைப்பதற்காக என்றுதான் நினைத்திருந்தேன். அது வாங்குகிறவரின் முகத்தைக் காப்பதற்காக என்பது எனக்கு விளங்கியபோது அப்பா உயிரோடு இல்லை. சாமு அந்த பூட்ஸைக் கடைசிவரை போடவில்லை.

ஆனால் அந்தக் காலையில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கக் கூடாது. பந்து வந்துவிட்டது! மட்டையோடு மைதானத்துக்கு ஓடினேன், பையன்கள் சேர்ந்துகொண்டார்கள். சாமுவும் விந்திக்கொண்டே வந்தான். அவனுக்கு என்மேல் கோபம்கூட இல்லை. அவனைத் தூரத்தில் நிற்கவைத்து, அவன் பக்கமாகவே அடித்தேன். அவன் போய் எடுத்து வருவதற்குள் நாலு, ஐந்து ரன் என்று ஓடிவிட முடிந்தது.

“சாமு, சீக்கிரம் வாடா!” என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்குள் பாய்ந்தேன். “அப்பா, அறுபத்தெட்டு ரன்! என்னை யாராலும் அவுட்டாக்க முடியலை!”

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் அப்பாவுக்குக் கிரிக்கெட் புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.