நாலாவது வரிசைப் பொத்தான்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது தெரிந்தும் அடக்கத் தெரியாது.

தென்காசிக்கு வெளியே இரண்டே அறைகள்தான் எங்கள் ஆய்வுக்கூடம். துகள் இயற்பியல் சோதனைகளுக்கான வாயு உணர்கருவிகளை அங்கே செய்கிறோம். பெயர்தான் பெரிது. இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்க, சட்டைப் பொத்தான் மாதிரியான துண்டுகளை வரிசையாக ஒட்டி மேல்தகட்டால் மூடுவோம். உள்ளே வாயுவை ஓடவிட்டு, ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுப்போம். வானத்திலிருந்து விழும் துகள் ஒன்று ஊடே போனால், சின்னதாக ஒரு மின்துடிப்பு கிடைக்கும்.

ஒட்டுகிற வேலை முழுக்க ஆய்க்குடியிலிருந்து வரும் அக்காவுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கையுறை இல்லாமல் கண்ணாடிப் பக்கம் யாரையும் விடமாட்டார்.

போன சாரல் காலத்தில் செய்த ஒரு கருவியில், துகள் எதுவும் போகாதபோதும் ஓடும் கசிவு மின்னோட்டம் ஏறிக்கொண்டே போனது. வாயுவை மாற்றினேன், குழாயை மாற்றினேன், அறையின் ஈரத்தைக் குறைத்தேன். ம்ஹூம். மூன்றாம் நாள் பொறுமை போய்விட்டது.

"ஒட்டுனது சரியில்லக்கா, அவசரப்பட்டுட்டீங்க" என்று மாணவர்கள் முன்னால் கத்தினேன்.

"நான் ஒட்டுனதுல ஒரு குத்தமும் கெடயாது சார்" என்றார்.

அதோடு விட்டேனா? ஒட்டுவதற்கு வேறு ஆள் வேண்டும் என்று சென்னையிலிருக்கும் திட்டத் தலைவருக்கு மின்னஞ்சல் போட்டேன். அடுத்த வாரம் ஆள் வரும், அக்காவை நிறுத்திவிடலாம் என்று பதில் வந்தது. அதை அக்காவிடமே சொல்லியும்விட்டேன்.

அவர் அழவில்லை. "நான் போறதுக்கு முன்னால அதப் பிரிச்சுப் பாத்துருவோம்" என்றார்.

பசையை பிளேடால் அறுத்து மேல்தகட்டைத் தூக்கினோம். அக்கா கீழ்த்தகட்டில் வரிசை வரிசையாக வாயால் ஊதிக்கொண்டே வந்தார். நாலாவது வரிசைப் பொத்தான் அருகே, பனித்த கண்ணாடியில் ஒரு கட்டைவிரல் ரேகை தெரிந்தது. ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு. சின்ன வயதில் அரிவாள்மணை வெட்டிய தழும்பு, என் விரலில் இன்னும் இருக்கிறது.

ஐயோ! இதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேரே இங்கேதான் வந்தேன். அக்கா மேல்தகட்டை எடுக்கப் போயிருந்தார். பசை காய்ந்ததா என்று வெறும் விரலால் அழுத்திப் பார்த்தது நான்தான். எவ்வளவு நேரம் அருவியில் நின்றாலும் அந்த எண்ணெய் முழுசாகப் போகாது. இந்த ஊரில் அது தெரியாதவர் கிடையாது. மின்சாரம் கசிந்தது அந்த எண்ணெய் ரேகை வழியாகத்தான்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? சென்னைக்குப் போன் போடுங்க. நான் இங்கனதான் நிக்கேன்."

ஸ்பீக்கரில் போட்டேன். "தப்பு என்னோடது சார்" என்று ஆரம்பித்து, எண்ணெய் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். வேறு ஆள் வரமாட்டார், அக்காவே பார்க்கட்டும் என்றார் தலைவர்.

அக்கா புதுக் கண்ணாடியை எடுக்கப் போனார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"இனிமே அருவிக்குப் போற அன்னைக்கு இங்கன வராதிய."