கரை, கொட்டு, அலசு, கிளம்பு, வீசு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்கு அடக்கம் வராது. அம்மா வீராம்பட்டினத்திலிருந்து மீன் எடுத்துவந்து நெல்லித்தோப்புத் தெருக்களில் விற்பவள். அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் என்னோடு காலேஜில் படிக்கும் அவன் வீடு. அவன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். சொல்தா வீடு என்றால் இன்றும் கடைக்காரர்கள் கொஞ்சம் எழுந்து நிற்பார்கள். மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் லேபில் அவனும் நானும் ஒரு ஜோடி.

ப்ராஜெக்ட், சி மொழியில் ஒரு ஷெல் எழுதுவது. கறுப்புத் திரையில் ஒரு சொல்லை அடித்தால் அதற்குரிய வேலையைச் செய்யும் புரோகிராம் அது. வழக்கமான சொற்களுக்கான புரோகிராம்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கின்றன, ஷெல் அவற்றைத் தேடி ஓட்டினால் போதும். ஷெல்லுக்குள்ளேயே புதிய கட்டளைகளை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை. எங்கள் பிரிவிலிருந்து சென்னைக் கம்பெனி ஒன்றின் இன்டர்ன்ஷிப்புக்கு ஒரே ஒரு பெயரைத்தான் லேப் மேம் அனுப்புவார். இந்த ப்ராஜெக்ட்டை வைத்துத்தான் முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்.

முழுவதையும் நான் எழுதினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்த்தான். புதுக் கட்டளைகளுக்கு அம்மா கூடையோடு பேசும் பேச்சையே பெயராக வைத்தேன். 'கரை' என்று அடித்தால் எங்கே இருந்தாலும் நம் சொந்த ஃபோல்டருக்கு வந்துவிடலாம். 'கொட்டு' ஃபைலில் இருப்பதைத் திரையில் காட்டும். 'அலசு' திரையைத் துடைக்கும். 'கிளம்பு' ஷெல்லை மூடும். 'வீசு' ஃபைலை அழிக்கும். அழித்தபின் ஒரு வார்த்தை பேசாது, அப்படித்தான் எழுதியிருந்தேன்.

"இன்னாடி இது, மீன் மார்க்கெட்டா?" என்றான். "டெமோவுக்கு வர்ற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். வேல செய்யுதுல்ல?"

டெமோவுக்கு முந்தின நாள் மேம் என்னை வராந்தாவில் நிறுத்தினார். "கோடு எல்லாம் அவன் எழுதினான், ரெக்கார்டு நீ எழுதினேன்னு சொன்னான். நல்லா பண்ணியிருக்கான், அவன் பேரையே அனுப்பலாம்னு இருக்கேன். நீயும் கூட இருந்து கத்துக்கம்மா." நான் படியிறங்கிப் போய்விட்டேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். அவர் முன்னால் அழ எனக்கு மனமில்லை.

டெமோ அன்று காலை அவன் என் கையில் பென்டிரைவைக் கொடுத்தான். "பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொண்டா. பேரெல்லாம் டீசன்ட்டா மாத்திட்டேன்."

ஜெராக்ஸ் கடையில் நின்று படித்தேன். மேலே இருந்த என் பெயரை எடுத்திருந்தான். என் ஐந்து சொற்களையும் எடுத்துவிட்டு கிளியர், ஹோம், க்விட், ரிமூவ், ஷோ என்று ஏ பி சி டி வரிசையில் அழகாக அடுக்கியிருந்தான். ஆனால் ஷெல்லுக்குள் இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்றில் பெயர்கள், மற்றொன்றில் அந்தப் பெயர்களுக்கான வேலைகள். முதல் பெயருக்கு முதல் வேலை, இரண்டாவதற்கு இரண்டாவது. அவன் பெயர் வரிசையை மட்டும் கலைத்து அடுக்கியிருந்தான். வேலை வரிசை நான் வைத்தபடியே கிடந்தது. எண்ணிக்கை சரியாக இருந்ததால், கோடைச் சரிபார்க்கும் கம்பைலர் ஒரு குறையும் சொல்லியிருக்காது. வழக்கமான கட்டளை ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, போதும் என்று விட்டிருப்பான்.

பெயர்களில் கடைசியாக இருந்தது ஷோ. வேலைகளில் கடைசியாக இருந்தது என் வீசு.

கடைக்காரரிடம் நீல அட்டை போடச் சொன்னேன்.

லேபில் எக்ஸ்டர்னல் எங்கள் மேசைக்கு வந்தார். மேம் பின்னால் நின்றார். அவன் பென்டிரைவைச் செருகி அதிலிருந்தே ஷெல்லை ஓட்டினான்.

"யாருப்பா எழுதினது?"

"நான்தான் சார். இவங்க ரெக்கார்டு."

"உன் சோர்ஸ் ஃபைலை உன் ஷெல்லுலயே காட்டு."

ஷோ என்று அடித்து ஃபைல் பெயரையும் அடித்தான். திரையில் எதுவும் வரவில்லை. மறுபடி அடித்தான். அப்படி ஒரு ஃபைல் இல்லை என்றது. வெளியே வந்துவிட நினைத்து க்விட் அடித்தான். திரை பளிச்சென்று துடைத்துக்கொண்டு, அடுத்து என்ன என்று கேட்பதுபோல் நின்றது. பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் நிதானமாகக் கேட்டேன்.

"ஃபைல் எங்கப்பா?"

"இருந்துது சார்... இதுலதான்..."

என் பக்கம் குனிந்தான். "உன் கிட்ட காப்பி இருக்குல்ல? குட்றி, ப்ளீஸ்."

"நான் வெறும் ரெக்கார்டுதான?" மெதுவாகச் சொல்லவில்லை. மேம் காதில் விழும்படியே சொன்னேன்.

எக்ஸ்டர்னல் என்னைப் பார்த்தார். "உன்கிட்ட இருக்காம்மா?"

"இருக்கு சார்."

அவனை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். என் பென்டிரைவிலிருந்து என் ஷெல்லைத் திறந்தேன். ஃபோல்டரில் எத்தனை ஃபைல் இருக்கிறது என்று சொல்லும் கட்டளை ஒன்றைப் புதிதாகச் சேர்க்கச் சொன்னார். வேலையை எழுதி, ஒரு வரிசையின் கடைசியில் அதையும் மற்றதன் கடைசியில் 'எண்ணு' என்ற பெயரையும் வைத்தேன். ஓட்டினேன். எண் வந்தது.

"பேரெல்லாம் என்னம்மா இப்படி இருக்கு?"

"எங்கம்மா மீன் யாவாரத்துல பேசறது சார்."

அவர் சிரித்தார், நல்ல சிரிப்பு. பிறகு, "அப்ப இதை எழுதினது யாரு?" என்றார்.

நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் எனக்கு அது போதாது. "அவனையே கேளுங்க சார்" என்றேன்.

மேம் முன்னால், மொத்த வகுப்பு முன்னால், அந்தச் சொல் அவன் வாயிலிருந்தே வரட்டும் என்று காத்திருந்தேன். அவன் தரையைப் பார்த்துச் சொன்னான், "அவதான் சார்."

"சத்தமா சொல்லுப்பா."

"அவதான் சார் எழுதினா."

மேம் என் பெயரை அனுப்பினார். மறுநாள் வண்டி ஸ்டாண்டில் அவன் என்னை மறித்தான்.

"காலையில பிரிண்ட் எடுக்கறப்பவே பாத்துட்டல்ல?"

"பாத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் நல்லதா போயிருக்கும்ல?"

"எனக்கு நல்லதாதான் போச்சு."

"உனக்கு இரக்கமே இல்லடி."

"இருக்கு. உனக்குன்னு எடுத்து வெக்கல" என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.