பத்தே முக்காலுக்குத் திறந்த கதவு

அக்கா இறந்த அன்று நான் போகவில்லை என்று எங்கள் சொந்தத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. போகாமல் இல்லை, போனேன். முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால் ஒரு தரம் எழுதி வைத்துவிடுகிறேன்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறேன். லிஃப்ட் கிடையாது. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் திருட்டுப் போனதைக் கேட்டுவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் என் மகன் ஃபோனிலேயே ஆள் பிடித்து ஜன்னல், பால்கனி எல்லாவற்றுக்கும் கிரில் போடவைத்தான். வாசல் கதவுக்கும் பெரிய லாக் ஒன்று வந்தது. படுக்கப் போகுமுன் உள்ளேயிருந்து சாவி போட்டு இரண்டு சுற்று சுற்றவேண்டும். என்னத்தைத் திருடப் போகிறான், என்னையா என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

அந்த லாக்குக்கு நான் ஒரு உபகாரம் செய்து வந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் விளக்குத் தேய்ப்பேன். விளக்கில் மிஞ்சிய நல்லெண்ணெயை சிங்க்கில் கொட்ட மனசு வராது. சாமிக்கு ஏற்றியது சாக்கடைக்குப் போகலாமா? கதவுக் கீலுக்கு நாலு சொட்டு விட்டு, மீதியை லாக்கின் ஓட்டைக்குள் விட்டுவிடுவேன். எங்கள் அம்மா செய்ததும் அதுதான், அக்கா செய்ததும் அதுதான். கொஞ்ச நாளாகச் சாவி இறுகியது. எண்ணெய் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் விட்டேன்.

அக்காவுக்கும் எனக்கும் எட்டு மாதமாகப் பேச்சு இல்லை. அவள் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகையை நேரில் கொண்டுவந்து வைக்காமல் ஃபோனில் அனுப்பிவிட்டாள். முழங்கால் வலி, மூன்று மாடி ஏற முடியாது என்றாள். கூடப்பிறந்த தங்கைக்குக் குங்குமம் வைத்து அழைக்க ஒரு நாள் வலியைப் பொறுத்துக்கொள்ள முடியாதா என்று எனக்கு ரோஷம். வயிறு சரியில்லை என்று சொல்லிக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் இரண்டு தடவை ஃபோன் செய்தாள், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுக்கலாம் என்று இருந்தேன். மூன்றாவது தடவை அவள் செய்யவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்கு அவள் மகள்தான் கூப்பிட்டாள். "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றாள். நெஞ்சு வலியாம். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களாம். மறுநாளைக்கு வைக்கலாம் என்றால் சனிக்கிழமை. சனிப் பிணம் தனியாகப் போகாது. மயானத்திலும் பதினோரு மணிக்குத்தான் நேரம் கொடுத்திருந்தார்கள்.

அக்கா வீடு இருக்கும் கோபாலபுரம் என்ன காசியா ராமேஸ்வரமா? சப்வே தாண்டி ஆட்டோவில் போனால் அரை மணி நேரம். குளித்து, புடவை மாற்றி, ஏழு மணிக்குக் கதவருகே வந்தேன். சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. இழுத்தேன், தள்ளினேன், முட்டியால் கதவை இடித்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. புடவைத் தலைப்பைச் சாவியில் சுற்றிக்கொண்டு பலமெல்லாம் கூட்டித் திருகினேன். சாவி பாதி கையில் வந்தது, பாதி உள்ளே நின்றது.

எதிர்வீட்டு மாமியைக் கூப்பிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய மெட்டிச் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னதும், "அச்சச்சோ, பதறாதேங்கோ. எங்காத்து மாமா இப்பவே ஸ்கூட்டரை எடுத்துண்டு போறார். ஸ்டேஷன் பக்கம் சாவிக்காரன் உக்காந்திருப்பான்" என்றாள். ஏழு மணிக்கு எந்தச் சாவிக்காரன் உட்கார்ந்திருப்பான்? மாமா இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பி வந்தார். போலீஸைக் கூப்பிடலாமா, கதவை உடைத்துவிடலாமா என்றெல்லாம் மாமி கேட்டாள். தேக்குக் கதவு. எழுபத்தைந்து வயது மாமா அதை எதைக் கொண்டு உடைப்பார்?

நான் செருப்போடு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். கழற்றத் தோன்றவில்லை.

ஒன்பதேகாலுக்கு அக்கா மகளைக் கூப்பிட்டு, "லாக் ஜாம் ஆயிடுச்சு கண்ணு, உள்ளே மாட்டிக்கிட்டேன்" என்றேன். அவளுக்குப் பின்னால் யாரோ ஒப்பாரி வைப்பது கேட்டது. "சரி சித்தி. வேணும்னா வீடியோ கால்ல அம்மா முகத்தைக் காட்டட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம், வந்துடறேன்" என்று சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உடன்பிறந்தவளை உள்ளங்கை அகலத்தில் பார்ப்பதா என்ற வீம்பு ஒன்று. சரி என்று சொன்னால், வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று அவள் நினைத்துக்கொள்வாளோ என்ற பயம் இன்னொன்று. அக்காவைப் பற்றி அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை, என்னைப் பற்றித்தான் நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சாவிக்காரர் வரும்போது மணி ஒன்பதே முக்கால். வெளியேயிருந்து கம்பியை விட்டுக் குடைந்தார். "யம்மா, இன்னா ஊத்தி வெச்சிக்கிற இதுல? உள்ள ஒரே பிசுக்கா கீது" என்றார்.

"விளக்கு எண்ணெய்" என்றேன் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து.

"வெளக்கு எண்ணெயா? தூசி புடிச்சி தார் மாரி இறுகிப்போய் கீதும்மா. எவனாச்சும் லாக்குக்குப் போய் வெளக்கு எண்ணெ ஊத்துவானா?"

"சீக்கிரம்பா. அங்கே எடுத்துடுவாங்க."

சாவு வீடு என்று மாமி சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. அவர் அவசரமாகக் கம்பியை உருவினார். கம்பியால் ஆகாது என்று கீழே போய் டிரில்லிங் மெஷினை எடுத்துவந்தார். மாமி வீட்டிலிருந்து வயர் இழுத்தார்கள். மெஷின் போடுகிற சத்தத்தில் ஃபோன் அடித்ததே கேட்கவில்லை. திரையில் வெளிச்சம் வந்ததைப் பார்த்து எடுத்தேன். மணி பத்து இருபது. "எடுக்கறாங்க சித்தி" என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் சங்கு ஊதினார்கள். அவள் ஃபோனை வைக்கவில்லை. வைக்க மறந்தாளா, எனக்காகத்தான் வைக்காமல் இருந்தாளா தெரியவில்லை. நான் படுக்கை அறைக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, ஃபோனைக் காதில் அழுத்தி, சங்குச் சத்தம் தெருவில் இறங்கித் தேய்கிறவரை கேட்டேன். இந்தப் பக்கம் மெஷின் கதவைத் துளைத்துக்கொண்டே இருந்தது.

பத்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. சாவிக்காரர் துளைத்தெடுத்த லாக்கை என் கையில் கொடுத்தார். கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, இன்னும் சூடாக இருந்தது. உடைந்த சாவி அதற்குள்ளேயே இருந்தது. வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். மாமி வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போகிற வழக்கம் இல்லை. இந்தக் காலத்தில் சிலர் போகிறார்கள். நான் ஆட்டோக்காரரிடம் அந்தப் பக்கம் விடச் சொல்லியிருக்கலாம். எட்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, ஆண்களுக்கு நடுவில் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. கோபாலபுரம் என்றுதான் சொன்னேன்.

அங்கே வாசல் முதல் கூடம் வரை கழுவி விட்டிருந்தார்கள். அக்காவைக் கிடத்தியிருந்த இடம் எது என்றுகூடத் தெரியவில்லை. பெண்கள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அக்கா மகள் மட்டும் எழுந்து வந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதுவிட வேண்டும் என்று நினைத்துத்தான் படியேறியிருந்தேன்.

ஆனால் கை தானாகப் பைக்குள் போனது. "சத்தியமா கதவு திறக்கலை கண்ணு. இதோ பாரு, சாவி உள்ளேயே ஒடிஞ்சு நிக்குது" என்று லாக்கை எடுத்து நீட்டினேன்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "லாக்கை எடுத்துட்டு வந்திருக்கீங்களா சித்தி?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என்மேல் இரக்கப்பட்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள். அழ வந்த வீட்டில் நான் சாட்சி காட்டிக்கொண்டு நின்றேன். லாக்கில் முந்தின நாள் விட்ட எண்ணெய் விரல் வழியாக இறங்கி, அவர்கள் கழுவி விட்டிருந்த தரையில் சொட்டியது. அவள் போய்த் துணி எடுத்துவந்து, குனிந்து துடைத்தாள்.