பெரணிக்குள் ஒரு பாம்பு

அஞ்சுகிராமம் சாலையோர நர்சரியில், என் நெஞ்சளவு உயர்ந்து நின்ற சதுப்புப் பெரணிச் செடியைக் காட்டி மனைவி கேட்டாள்: "வாங்கலாமா? இதுக்குள்ள பாம்பு வருமோ?" எதற்கும் நக்கலாகப் பதில் சொல்லும் நான், குனிந்து ஓர் இலையின் அடியைத் திருப்பிப் பார்த்தேன்.

நான் சிறுவனாக இருந்தபோது, புருஷன் வீட்டை விட்டு அத்தை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அப்போது கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டியும், மணக்குடிக் காயலோரத்தில் பிடுங்கிய இதே பெரணியும்தான். கிணற்றடியில், குளித்த தண்ணீர் வழியும் இடத்தில் நட்டு, வேர் காயாமலிருக்கச் சேற்றால் வரப்பு கட்டினாள். அது என்னைவிட வேகமாக வளர்ந்தது. சாப்பாட்டில் மட்டும் நான் முந்தி. இலையடியில் துருப்போல் அப்பியிருக்கும் செந்தூளைத் தொட்டால் அத்தை அதட்டுவாள்.

ஒருநாள் மதியம் அப்பா, "ஏலே, ஒரு வாளி தண்ணி கோரிட்டு வா" என்றார். எனக்கு எழுந்திருக்கச் சோம்பல்.

"காலையில எட்டு மணிக்கு ஒரு பாம்பு பெரணிக்குள்ள போச்சுப்பா" என்றேன். நீளத்தைக் கைவிரித்தும் காட்டினேன். கலைஞன் அல்லவா.

அப்பா வெட்டுகத்தியோடு போனார். தூரோடு வெட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். பச்சைச் செடி எரியாமல் புகைந்தது. அத்தை தடுக்கப் போகவில்லை. அவள் தின்பது அண்ணன் வீட்டுச் சோறு.

புகை அடங்கியதும் என்னிடம் வந்தாள்.

"எட்டு மணிக்கா மக்கா பாத்த?"

"ஆமா அத்தே."

"அப்போ நான்தானே அதுக்குள்ள குத்தவெச்சு பழுத்த இலை கிள்ளிட்டிருந்தேன்."

அப்பாவிடம் சொல்லியிருந்தால் என் முதுகு பழுத்திருக்கும். கடைசிவரை அவள் சொல்லவில்லை.

"கேக்கேன்லா, பாம்பு வருமா?" என்றாள் மனைவி.

"வராது" என்றேன். நாற்பது வருடம் பிந்திய அந்த உண்மையால் நர்சரிக்காரருக்கு ஒரு செடி விற்றது.