மெஸ் படியோடு வெந்நீர் ஊற்றுக்கு

தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காலை ஐந்தரைக்குத் திண்டுக்கல்லை விட்டுக் கிளம்பினோம். நாங்கள் என்றால் நானும் என் வீட்டுக்காரர் சேவியரும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக மெஸ் நடத்துகிறோம். வண்டியும் மெஸ் வண்டிதான். கல்யாண வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோன பழைய வேனுக்குள் பலகைக் கட்டில் அடித்து, ஒற்றை அடுப்பும் தண்ணீர் கேனும் வைத்து, ஜன்னலுக்குச் சின்னாளப்பட்டிச் சேலையைக் கிழித்துத் திரை தைத்து, அதற்குக் கேம்பர் வேன் என்று பெயரும் வைத்துவிட்டார் மனுஷன். எத்தனை முறை கழுவினாலும் உள்ளே சாம்பார் வாசம் மட்டும் போகவில்லை.

கேரளத்துக் கடற்கரையோரமாகவே வடக்கே போய், கர்நாடகத்தில் புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் பெந்துரு தீர்த்தம் என்கிற வெந்நீர் ஊற்றைப் பார்த்துத் திரும்புவது திட்டம். கூடவே ஒரு பேச்சும் இருந்தது. மெஸ்ஸை மகள் ஸ்டெல்லாவிடம் ஒப்படைத்துவிட்டு, வருஷத்தில் பாதியை ரோட்டில் கழிக்கலாம் என்பது அவர் ஆசை. அவளால் முடியாது என்பது என் எண்ணம். இந்தப் பயணம் முடியும்வரை மெஸ் அவள் பொறுப்பு. ஊர் திரும்புவதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும். முடியாது என்றால் வேனை விற்றுவிடுவதாகச் சொல்லிவிட்டார். அதுவரை நானாக ஸ்டெல்லாவைக் கூப்பிடக் கூடாது, அவளாகக் கூப்பிட்டால் பேசலாம் என்று நிபந்தனை வேறு.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகளுக்கு நடுவே டீ குடிக்க நிறுத்தினோம். கடைக்காரர் வேனை எட்டிப் பார்த்து வாசம் பிடித்தார்.

“ஏனுங்க, எந்த ஊர்ல விசேசமுங்க?”

“விசேசம் எங்களுக்குத்தாங்க,” என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு பழனி வரைக்கும்தான் நீடித்தது.

பழனி தாண்டி ஒரு புளியமரத்தடியில் அரிசிப் பையைத் திறந்தால், உள்ளே மெஸ்ஸின் படி உட்கார்ந்திருக்கிறது. விளிம்பு நசுங்கிய பித்தளைப் படி. மூட்டை கட்டும்போது பழக்க தோஷத்தில் என் கை அதையும் சேர்த்து எடுத்துப் போட்டிருக்கிறது. மெஸ்ஸில் அரிசி அளப்பது நான் மட்டும்தான். வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து, எத்தனை படி என்று என் கை முடிவு செய்யும். இத்தனை வருஷத்தில் சோறு இல்லை என்று யாரையும் காக்க வைத்ததில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

“வண்டியைத் திருப்புங்க. ஸ்டெல்லா எதுல அளப்பா?” என்றேன்.

“அறுவது கிலோமீட்டர் வந்தாச்சு. வேணும்னா அவளே கூப்புடுவா, பேசாம இரு புள்ள.”

அவள் கூப்பிடவில்லை. பொள்ளாச்சி, பாலக்காடு என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. பொன்னானியில் கடலைப் பார்த்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நிறைய படகுகள், நல்ல காற்று. அவர் கையைக் காட்டிக் காட்டிப் பேசுகிறார், எனக்கோ உலையில் கொட்டும் அரிசிதான் கண்ணுக்குத் தெரிகிறது.

மூன்றாம் நாள் கண்ணூர் பக்கம் முழப்பிலங்காடு போனோம். அங்கே கடற்கரை மணலிலேயே நான்கு கிலோமீட்டர் வண்டி ஓட்டலாம். அலை வந்து டயரை நனைக்க, ஜன்னலைத் திறந்துவிட்டு இவர் விசில் அடித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவருக்கு விசில் வரும் என்பது எனக்குத் தெரியாது. மெஸ்ஸில் விசில் அடிக்க ஏது நேரம்? சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

கிலோ நூற்றறுபது என்று மத்தி மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். சோறுதான் வம்பாகிவிட்டது. அரைப்படிக்குக் கீழே அளக்க என் கைக்குத் தெரியாது. ஒற்றை அடுப்பில் பானை பொங்கி வழிய, வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பக்கத்தில் வந்தார்.

“சேச்சி, இவிடெ கல்யாணமோ?”

அவரையும் அவரோடு இருந்த நான்கு பேரையும் உட்காரவைத்துப் பரிமாறினோம். அன்று மட்டுமல்ல, தங்கிய இடமெல்லாம் இதே கதைதான். இவர் கேலிக்குக் கேட்க வேண்டுமா! “சுத்திப் பாக்க வந்தோமா, பந்தி போட வந்தோமா?” என்றார்.

பேக்கல் கோட்டையைப் பார்த்துவிட்டுக் காசர்கோட்டிலிருந்து கிழக்கே திரும்பினோம். வழியெல்லாம் ரப்பரும் பாக்கும். நம் குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இம்புட்டுப் பச்சை கூசுகிறது. புத்தூரிலிருந்து ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். ஓடைக்கரையில் கல் கட்டிய சின்னக் குளம் ஒன்று, அவ்வளவுதான் பெந்துரு தீர்த்தம். ஆவி பறக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றும் பதம்தான் சூடு. லேசாகக் கந்தக வாசம்.

மொண்டு ஊற்றச் செம்பு கொண்டுவர மறந்திருந்தேன். இவர் வேனுக்குள் போய்ப் படியை எடுத்து வந்து நீட்டினார். அதைக் கையில் வாங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. நிபந்தனையாவது ஒன்றாவது என்று ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுவிட்டேன். போனில் அவளுக்குப் பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது.

“ஏ ஸ்டெல்லா, படி எங்கிட்ட வந்துருச்சுடி. எதுல அளக்குற?”

“எந்தப் படிம்மா? ஓ, அந்த நசுங்குனதா? அதை நான் தேடவே இல்லயே. எண்ணெய் டப்பாவுல அளக்குறேன்.”

“சோறு பத்துதா?”

“முந்தாநேத்து ரெண்டு மணிக்கே தீந்துருச்சும்மா.”

“அய்யோ! வந்தவங்க?”

“மறுபடி உலை வச்சேன். செத்த நேரம் உக்காருங்கன்னு சொன்னேன், உக்காந்தாங்க. அம்மா, கூட்டமா இருக்கு, அப்புறமா கூப்புடுறேன்.”

போனை வைத்துவிட்டாள். சுருக்கென்றது, இல்லையென்று சொல்ல மாட்டேன். என்னைத் தேடவில்லை, படியைக்கூடத் தேடவில்லை. அந்தச் செத்த நேரம்கூட யாரும் காத்திருக்கக் கூடாதென்று நான் எத்தனை வருஷம் ஓடியிருக்கிறேன்! சொல்லியிருந்தால் எனக்கும் உட்கார்ந்திருப்பார்கள்.

படியில் வெந்நீரை மொண்டு முழங்காலில் ஊற்றினேன். நின்று நின்றே வீங்கிப்போன கால். இன்னொரு படி ஊற்றினேன். இதமாக இருந்தது.

“என்ன சொன்னா?” என்றார் அவர்.

“வேனை விக்க வேணாம்.”

அவர் படியை வாங்கி, என் காலில் அவரே ஊற்றத் தொடங்கினார்.

மறுநாள் பகலில் ஊரைப் பார்த்துத் திரும்பினோம். போகும்போது திண்டுக்கல்லை முதுகில் சுமந்துகொண்டு போனேன். இப்போது அது நான் போய்ச் சேரும் ஊர், அம்புட்டுத்தான். வழியில் ஒரு பாக்குத் தோப்பு ஓரமாக அடுப்பை மூட்டி, படியைத் தொடாமல் டம்ளரில் அரிசியை அளந்தேன். இரண்டு பேருக்கு.

குறைந்துவிட்டது. அவர் தட்டை வழித்துவிட்டு, “இன்னும் இருக்கா?” என்றார்.

“செத்த நேரம் உக்காருங்க,” என்று மறுபடி உலை வைத்தேன்.

உட்கார்ந்தார்.