அம்மாவின் தகப்பன் பிறந்த பதிவு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அம்மாவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா தலைமன்னாரில் பிறந்தவர். அவருடைய தகப்பன், துறைமுகத்தில் இயந்திரம் பார்க்க வந்த ஸ்கொட்லாந்துக்காரர். விதவையாயிருந்த எங்கள் அம்மம்மாவைக் கலியாணம் முடித்தவர், அம்மா கைக்குழந்தையாக இருக்கையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். அம்மாவின் நிறத்தைப் பார்த்து ஊர் "துரைச்சி" என்றது. பேசாலையில் வாழ்க்கைப்பட்டார். ஐயாவைக் கடல் கொண்டுபோன பின், கருவாடு காயவைத்து விற்று என்னையும் தங்கச்சியையும் வளர்த்தார். யுத்தத்தில் இந்தியா முகாமுக்குப் போய், திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டில் மறுபடி அடுப்பு மூட்டினார்.

அவர் தனக்கென்று கேட்டது ஒன்றுதான். மரித்தோர் மாதத்தில் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களைக் கொடுத்துப் பூசை வைப்பது எங்கள் வழக்கம். தகப்பனைப் பெற்றவர்களின் பெயர் அம்மாவுக்குத் தெரியாது. தகப்பனின் பிறப்புப் பதிவு கிடைத்தால் அதில் இருக்கும் என்றாள், ஸ்கொட்லாந்தில் வசிக்கும் என் தங்கச்சி. கோயிலின் விவாகப் பதிவில் அவர் பெயர் ஜோசேப். கடைசிப் பெயரோ அங்கே தெருவுக்குத் தெரு உள்ள பெயர். வருடக்கணக்காகத் தேடினாள். எத்தனையோ ஜோசேப்புகள் வந்தார்கள், ஒருவரும் அவரில்லை.

அம்மம்மாவின் முதல் கலியாணத்துப் பிள்ளையான பெரியமாமாவிடமும் கேட்டோம். "கோயில்லை எழுதிக் கிடக்குத்தானே, பிறகென்ன?" என்றார். "உன்ரை துரை வானத்தாலை விழுந்தவர் தங்கச்சி" என்று அம்மாவுக்குப் பகிடியும் விட்டார். அம்மா சிரிக்கவில்லை. பேச்சு அடங்கும்வரை, "பிள்ளை போன் எடுத்தவளோ?" என்று தங்கச்சியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா இறந்த முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் பெரியமாமா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அம்மம்மாவை முடிப்பதற்காக அந்த மனிதர் கத்தோலிக்க வேதத்துக்கு வந்தபோது சுவாமியார் வைத்த பெயர்தான் ஜோசேப்பாம். அதற்கு முன் டங்கனாம்.

"ஏன் மாமா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"ஞானஸ்நானம் எடுத்தாப் பிறகு பழைய பேரைச் சொல்லலாமோ மருமோன்? அது அந்த மனிசனைத் திரும்ப வெளியிலை தள்ளுற மாதிரி."

நான் எழும்பிக் கை கழுவினேன். அவர் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். அம்மாவின் இந்த நினைவு மலர் அவர் கைக்கும் போகும். போகட்டும். அவரை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அம்மாவை ஆசுப்பத்திரிக்கு ஏற்றிப்போன அயலவர்களுக்கும், பெட்டியோடு சேமக்காலைவரை கூட நடந்தவர்களுக்கும், செத்தவீட்டில் அடுப்படியைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கும் நாங்கள் இருவரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

டங்கன் என்ற பெயரை அன்றிரவே தங்கச்சிக்குச் சொன்னேன். மறுநாள் மத்தியானம் பதிவு கிடைத்தது.